அம்மாவின் பாத்ரூம் நிலைப்படியும் உங்கள் ஆராய்ச்சியும்

அன்புள்ள பேராசிரியர் சாரா சான்டன் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் நான். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. முதியவர்களின் உடம்போடு அவர்கள் வீட்டையும் சேர்த்துச் சரிசெய்கிற உங்கள் ஆராய்ச்சியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் இதை எழுத வைத்தது என் அம்மா.

போன வருடம் இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தார். புண் நன்றாக ஆறியது. ஆனாலும் எழுந்தால் தலைசுற்றல், நாக்கு எப்போதும் வறண்டு கிடந்தது. பிபி மாத்திரையைக் குறைத்துப் பார்த்தோம். வயசாகிவிட்டது, தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறார் என்று நானும் நம்பினேன். ஒரு நாள் மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் சொன்னார்: "குடிச்சா போகணும்ல. அந்தப் படியைத் தாண்ட பயமா இருக்கு."

எங்கள் வீட்டு பாத்ரூம் வாசலில் அரைச் சாண் உயரத்துக்கு ஒரு நிலைப்படி. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. நாற்பது நாள் அம்மா தாகத்தோடு இருந்திருக்கிறார். தினமும் பிபி பார்த்துக் குறித்து வைத்த நான் அந்தப் படியை ஒரு தடவைகூட நோயோடு சேர்த்துப் பார்க்கவில்லை. மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரில் ஸ்டீல் கம்பி பதித்தோம். அரை நாள் வேலை. சாயங்காலமே அம்மா சொம்பு நிறையத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதற்கப்புறம்தான் உங்கள் வேலையைத் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில், வீட்டை விட்டு வெளியே வர முடியாத ஏழை முதியவர்களை நீங்களும் வீட்டுக்கே போய்ப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே ஒன்றோடொன்று ஒட்டிய குறுகலான வீடுகள். பல வீடுகளில் படுக்கையறை மாடியில், படிகளோ செங்குத்து. நீங்கள் பார்க்கப் போனது நோயை. கண்ணில் பட்டதோ ஆடுகிற கைப்பிடியும் பெயர்ந்த தரையும். நர்ஸ் வேலை செய்கிற எல்லோர் கண்ணிலும் இது படும். நீங்கள் அதை ஆராய்ச்சியாக மாற்றினீர்கள்.

முதியவர்கள் வீட்டில் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்துகொள்ள உதவ, பிலடெல்பியாவில் ஆராய்ச்சியாளர் லாரா கிட்லின் நடத்திய 'ஏபிள்' திட்டத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு நர்ஸையும், சில்லறைப் பழுது வேலைகள் தெரிந்த ஒருவரையும் சேர்த்து 'கேபபிள்' என்று உருவாக்கினீர்கள். நான்கைந்து மாதத்துக்குள் சுமார் பத்து தடவை வீட்டுக்கு வருகிறார்கள். குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைச் சுலபமாக்கித் தருகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆறு தடவை வரை, நர்ஸ் நான்கு தடவை வரை. அப்புறம் பழுது பார்ப்பவர் வந்து படிக்கு இரண்டாவது கைப்பிடி வைக்கிறார், பாத்ரூமில் கம்பி பதிக்கிறார். உங்கள் ஆராய்ச்சியில் மொத்தமாக ஓர் ஆளுக்குச் சுமார் 3,000 டாலர் ஆனது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, எதிலிருந்து தொடங்குவது என்பதை முதியவரே முடிவு செய்கிறார் என்பது. சர்க்கரை அளவா, வலியா என்று நர்ஸ் தீர்மானிப்பதில்லை. "உங்களுக்கு என்ன செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, அதற்குத் தடையாக இருக்கும் வலியையும் மருந்தையும் பார்க்கிறார். நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபைலைத்தான் கேட்கிறோம்.

2016இல் நீங்கள் வெளியிட்ட முடிவில், எட்டு அன்றாட வேலைகளில் சராசரியாக 3.9 வேலைகளுக்குச் சிரமப்பட்டவர்கள் ஐந்து மாதத்தில் 2.0க்கு வந்திருந்தார்கள். அது மட்டுமல்லாமல் 300 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் 'கேபபிள்' உதவியைக் கொடுத்துச் சோதித்தீர்கள். அந்த உதவி கிடைக்காத இன்னொரு குழுவை வெறுமனே விட்டுவிடவும் இல்லை. அவர்கள் வீட்டுக்கும் பத்து தடவை ஆள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள். தனியாகக் கிடக்கிறவருக்கு ஒருவர் வந்து பேசினாலே தெம்பு வரும்; அந்தத் தெம்பையும் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்தீர்களே, அந்த நேர்மைக்கு என் வணக்கம். அப்படியும் ஐந்தாம் மாதத்தில் 'கேபபிள்' குழுவின் சிரமம் மற்றக் குழுவைவிட 30 சதவீதம் குறைவாக இருந்தது. 2019இல் அது வெளியானது. 2021இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் நர்சிங் பள்ளிக்கு டீன் ஆனீர்கள். வீட்டுப் படியேறிப் பழகிய ஒரு நர்ஸ் அந்த நாற்காலியில் இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒரு கேள்வி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவுக்கும் இருந்த இடைவெளி குறைந்துவிட்டது. கம்பி சுவரில்தான் இருக்கிறது, உடம்பு அதற்குள் இன்னும் தளர்ந்துவிடுகிறது என்பதாலா? அப்படியானால் ஒரு வருடம் கழித்து நர்ஸ் மறுபடி ஒரு தடவை போய்வந்தால் போதுமா? என் அம்மாவுக்கும் இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. கம்பியை இப்போது இரண்டு கையாலும் பிடிக்கிறார். அதனால்தான் கேட்கிறேன்.

நாளைக்குக் காலையில் செல்லூரில் ஒரு தாத்தா வீட்டுக்குப் போகிறேன். மொட்டை மாடியில் வைத்த செடிகளைப் பார்க்க வேண்டும் என்கிறார், படியேற முடியவில்லை. கொத்தனாரையும் கூடவே வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு நர்ஸ்