டுண்டிகலில் இருக்கும் மகளுக்கு

வியாசர்பாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவில் இருக்க வேண்டிய வயதில் டுண்டிகல் விமானப்படை அகாடமியில் பசங்களுக்குப் பிலாட்டஸ் பயிற்சி விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்படி ஆகிவிட்டதே என்று அன்றைக்குப் போனில் வருத்தப்பட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் எல்லாவற்றையும் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பள்ளிக்கூட நாளில் நீ நோட்டில் படம் ஒட்டி வைத்திருந்த அர்ஜன் சிங்கை எடுத்துக்கொள். 1947 ஆகஸ்ட் 15 அன்று 100க்கும் மேற்பட்ட விமானங்களோடு செங்கோட்டைக்கு மேல் பறந்தது, 45 வயதில் விமானப்படைத் தளபதியானது, 2002இல் மார்ஷல் பட்டம் வாங்கியது, இதையெல்லாம்தான் நீ ஆசையாகச் சொல்வாய். எனக்கு அவருடைய 1945ஆம் வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது.

அதற்கு முந்தைய வருடம் ஜப்பானியருக்கு எதிரான இம்பால் போரில் ஒன்றாம் ஸ்குவாட்ரனை நடத்தி டிஎஃப்சி என்ற வீரப் பதக்கம் வாங்கியிருந்தார். பர்மாவிலிருந்து 1942இல் நடந்தே வந்த உன் கொள்ளுத்தாத்தா கடந்ததும் அந்த மணிப்பூர் மலைகளைத்தான். ஆயா சொல்லிக் கேட்டிருப்பாய். அவ்வளவு பேர் வாங்கிய மனிதர், அடுத்த வருடமே கண்ணூரில் வீடுகளுக்கு மேல் மிகத் தாழப் பறந்ததற்காக ராணுவ விசாரணையில் நின்றார். பயிற்சியில் இருந்த ஒரு பையனுக்குத் தைரியம் வரட்டும் என்றுதான் அப்படிப் பறந்தேன் என்றார். அந்தப் பையன்தான் பின்னாளில் தளபதியான தில்பாக் சிங் என்று சொல்வார்கள். தாழப் பறந்தது சரியென்று நான் சொல்ல மாட்டேன், நீயும் செய்துவிடாதே. ஆனால் கற்றுக்கொள்ள வந்த ஒருவனின் பயத்தைத் தன் பொறுப்பாக நினைத்தாரே, அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்புறம் 1965 பாகிஸ்தான் போர், செப்டம்பர் 1. காஷ்மீர் பக்கம் சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்குகள் அக்னூரை நோக்கி வருகின்றன. எவ்வளவு நேரத்தில் விமானப்படை வரும் என்று பாதுகாப்பு அமைச்சர் கேட்டதற்கு, ஒரு மணி நேரத்தில் என்றார் தளபதி அர்ஜன் சிங். எல்லோரும் இந்தப் பதிலோடு நிறுத்திவிடுகிறார்கள். அன்று சாயங்காலமே நான்கு வாம்பயர் விமானங்களை இழந்தோம். பழைய விமானங்கள் என்று தெரிந்தும் அந்தப் பிள்ளைகள் பதான்கோட்டிலிருந்து ஏறிப் போனார்கள். தளபதி ஒரு மணி நேரம் என்று துணிந்து சொன்னார் என்றால், அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே யாரோ பயிற்சி விமானத்தில் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இப்போது நீ செய்வது அந்த வேலைதான். தாம்பரத்தில் பயிற்றுநர் படிப்பு முடித்த எல்லோருக்கும் அந்தப் பொறுமை வந்துவிடாது. உனக்கு இருக்கிறது.

இன்னொன்று. 60க்கும் மேற்பட்ட வகை விமானங்களை ஓட்டியவர் அர்ஜன் சிங். தளபதி நாற்காலியில் உட்கார்ந்த பிறகும், 1969இல் ஓய்வு பெறும்வரை, ஓட்டுவதை விடவில்லை. நீயும் பறந்துகொண்டுதானே இருக்கிறாய்?

2015இல் நம் கலாமின் உடல் பாலம் விமான நிலையத்துக்கு வந்தபோது, 96 வயதில் சக்கர நாற்காலியில் வந்திருந்தவர், எழுந்து நின்று சல்யூட் அடித்தார். டிவியில் பார்த்து அம்மா அழுதுவிட்டாள்.

சரி, உடம்பைப் பார்த்துக்கொள். உன்னிடம் படிக்கும் பையனோ பெண்ணோ முதல்முதலாகத் தனியாக ஓட்டிவிட்டு இறங்கினால், ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணிச் சொல்லு.

அன்புடன்,
அப்பா