தேத்தண்ணி வேண்டாம் என்றால் சாதி பார்க்கிறார்கள் என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளைச் சட்டை, மார்பில் கறுப்புப் பெயர் அட்டை, எங்கே போனாலும் இரண்டு பேர். மதம் பரப்ப வரும் மோர்மன் ஊழியர்களைப் பற்றி மலையகத்தில் இரண்டு பேச்சு அடிபடுகிறது. டொலர் சம்பளத்துக்கு வந்தவர்கள் என்பது ஒன்று. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டில் தேத்தண்ணியைக் கூடத் தொடமாட்டார்கள், சாதி பார்க்கிறார்கள் என்பது மற்றது. இரண்டும் தவறு. மனதைப் புண்படுத்துவது இரண்டாவதுதான் என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

இவர்களுடைய சபையின் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. தலைமையகம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சோல்ட் லேக் சிட்டி. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833 இல் கொடுத்த உடல்நலக் கட்டளை, மது, புகையிலையோடு 'சூடான பானங்களையும்' விலக்கியது. அதற்குத் தேநீர், கோப்பி என்று பொருள் கொண்டார்கள். ஆகவே சூடு அல்ல, இலைதான் சங்கதி. ஆறிப்போன தேத்தண்ணியும் ஆகாது. கிரீன் டீயும் அதே செடி என்பதால் ஆகாது என்று 2019 இல் சபை மறுபடி தெளிவுபடுத்தியது. தடிமனுக்கு நல்லது என்று நாம் நீட்டும் இஞ்சிப் பிளேன்டி மருந்து மாதிரித் தெரிந்தாலும் உள்ளே சாயம், அதாவது தேயிலை வடித்த தண்ணி, இருக்கிறது. நெஸ்டமோல்ட் என்ற மோல்ட் மாவும் நம் வீடுகளில் சாயத்தில்தான் கரையும், அதுவும் திரும்பி வரும். அதையே வெறும் சுடுதண்ணியிலோ பாலிலோ கரைத்துக் கொடுங்கள், குடிப்பார்கள். மைலோ, கொத்தமல்லி அவித்த தண்ணி எதற்கும் தடையில்லை. ரொட்டியும் சம்பலும் வைத்தால் தட்டு காலியாகும். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் விலக்கு. அன்று இரண்டு வேளை நோன்பு, தண்ணீரும் கிடையாது. கொழுந்து பறிப்பது பாவம் என்று அவர்கள் சொல்வதில்லை, குடிப்பதற்குத்தான் தடை.

ஆனால் வாசல்வரை வந்தும் தண்ணி வாங்கிக் குடிக்காமல் போனவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த சனத்துக்கு இந்த 'வேண்டாம்' வேறு மாதிரித்தான் கேட்கும். ஊழியர்கள் சிரித்துக்கொண்டு கையை ஆட்டிவிட்டுப் போனால் போதாது. 'சுடுதண்ணி இருந்தா குடுங்கம்மா' என்று கேட்டு வாங்கிக் குடித்தால் பாதி மனத்தாங்கல் அங்கேயே தீரும்.

சம்பளக் கதைக்கு வருவோம். சம்பளம் இல்லை, கட்டுவது அவர்கள்தான். வட அமெரிக்காவிலிருந்து போகும் ஒருவருக்காக அவரோ குடும்பமோ மாதம் 500 டொலர் சபைக்குக் கட்டவேண்டும். 2020 ஜூலைக்கு முன் இது 400. மற்ற நாட்டவருக்குத் தொகை வேறு. அந்தப் பணம் பொது நிதியில் சேர்ந்து, போன ஊரின் விலைவாசிக்கு ஏற்றபடி சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கையில் வரும். எந்த நாட்டுக்குப் போவது என்பதைச் சபைத் தலைமை தீர்மானிக்கும். ஆண்களுக்கு 18 வயதிலிருந்து இரண்டு வருடம், பெண்களுக்கு 18 மாதம். ஆண்களை 'எல்டர்' என்பார்கள், அதாவது மூப்பர். மீசை அரும்பாத பொடியனுக்கு மூப்பர் பட்டம்!

பொதுவாகக் காலை 6.30க்கு எழும்பி, உடற்பயிற்சி, வேதப் படிப்பு, மொழிப் படிப்பு. இரவு 10.30க்கு விளக்கு அணையும். காதல், சினிமா, நீச்சல் எதுவும் இல்லை. சோடியை அவர்கள் தெரிவு செய்வதில்லை. ஏறத்தாழ ஆறு கிழமைக்கு ஒருமுறை வரும் மாற்றப் பட்டியலில் ஆளும் மாறலாம், ஊரும் மாறலாம். பிடிக்காத ஒருவரோடு ஒரே அறையில் ஆறு கிழமை ஓட்டுவதுதான் இந்த வாழ்க்கையின் பெரிய சோதனை, பிரசங்கம் அல்ல. முன்பு வீட்டாரோடு வருடத்தில் இரண்டு தரம்தான் பேச முடியும். 2019 பெப்ரவரியிலிருந்து கிழமைக்கு ஒருமுறை பேசலாம்.

நமது தோட்டங்களில் இந்த ஒழுங்குகள் இடறும் இடம் வேறு. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குள் ஆண் ஊழியர் போகக்கூடாது. பகலில் எல்லாரும் மலையில் வேலைக்குப் போயிருப்பார்கள். அந்தியில் மலை விட்டு வந்த பிறகுதான் ஆள் இருக்கும், அதுதான் தேத்தண்ணி நேரமும். லயத்தின் ஒற்றைக் காம்பராவில் (அறையில்) இடமும் இல்லை. அதனால் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து பேசுவதே இரு பக்கத்துக்கும் நல்லது. துணி துவைக்க, சாமான் வாங்கக் கிழமையில் ஒரே ஒரு ஆயத்த நாள். ஆனி, ஆடி மழையில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் அன்று துவைத்த வெள்ளைச் சட்டை மூன்று நாளானாலும் ஈரம் போகாது. அடுப்புக்கு மேல் கொடி கட்டினால் புகை மணமும் மஞ்சளும் ஏறிவிடும்.

பிள்ளைகளைப் பற்றிப் பயப்படும் பெற்றோருக்கு ஒன்று: 18 வயதுக்குக் குறைந்தவருக்குத் தாய் தகப்பன் சம்மதம் இல்லாமல் ஞானஸ்நானம் கொடுக்கக்கூடாது என்பது அவர்களுடைய சபையின் விதி.

வரவேண்டாம் என்றால் 'வரவேண்டாம்' என்றே சொல்லிவிடுங்கள். 'பிறகு பார்ப்போம் தம்பி' என்று மரியாதைக்குச் சொன்னால், அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கிழமை அதே நேரத்துக்கு இஸ்தோப்பில் வந்து நிற்பார்கள்.

ஒரு வாசகர்,
ஹட்டன்.