நம்ம ரோல்ப்ளே சங்கத்தோட 2025 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுக்கு வந்த கொஞ்ச பேருக்கும் வராத நிறைய பேருக்கும் சேர்த்தே இதை டைப் பண்றேன். புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வரி: ரோல்ப்ளேன்னா சர்வர்ல இருக்குற ஒரு கற்பனைத் துறைமுக ஊர்ல ஆளுக்கொரு கேரக்டரா மாறி ஆடுறது.

வழக்கமான விசயம் முதல்ல. தை மாசக் கூட்டம் மண்டபத்துல நடந்துச்சு. புதுசா வந்தவங்களுக்கு கேரக்டர் எழுதச் சொல்லிக் குடுத்தோம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், படகுக்குப் போற தம்பிங்க கரையில இருந்ததால ராத்திரி பூரா சர்வர் ஜேஜேன்னு இருந்துச்சு, தடை முடிஞ்சதும் பழையபடி காத்து வாங்குது.

அடுத்து ஏடு. செயலாளர், அதாவது நான், வேற வேலையே பாக்கலன்னு சில பேர் பேசினதா கேள்விப்பட்டேன், அதனால விளக்கமாவே சொல்லிடுறேன். நம்ம கற்பனைத் துறைமுகத்து வரலாறு முன்னாடி ஒரே நீள ஃபைலா கெடந்துச்சு, ராஜா வம்சம், சாபம், சண்டைன்னு. எழுதினவரைத் தவிர யாரும் படிக்கல. படிச்ச ஒண்ணு ரெண்டு பேரும் கலங்கரை விளக்குக்குக் கீழ சுரங்கம் இருக்குன்னு பாத்துட்டு, அன்னைக்குத்தான் ஊருக்குள்ள கால் வச்ச கேரக்டரைக் கூட்டிக்கிட்டு நேரா மம்பட்டியோட போய் நின்னாங்க. அப்பட்டமான மெட்டாகேமிங், அதாவது ஆடுறவருக்குத் தெரிஞ்சதை கேரக்டருக்கும் தெரிஞ்ச மாதிரி ஆடுறது.

அந்த ஃபைலைத் தூக்கிட்டு ஏடு ஆரம்பிச்சேன். இதுல எந்த வரியும் பொதுவா சொல்றது கெடையாது, ஊர்ல யாரோ ஒரு கேரக்டர் சொன்னதுதான். விளக்கு அணைஞ்ச ராத்திரிய பத்தி சம்மாட்டி (படகு முதலாளி) ஒரு மாதிரி சொல்றார், விளக்குக்காரன் பொண்டாட்டி வேற மாதிரி சொல்றா. சம்மாட்டியா ஆடுற கீழக்கரை காக்கா (அண்ணன்) ஒரு நாள் சந்தையில வச்சே கேட்டார், "கெழக்க இருந்து கப்பல் வந்துச்சுங்குறியே, அன்னைக்கு அடிச்சது கச்சான், மேக்க இருந்து வர்ற காத்து, அதை எதுத்து எந்தப் பாய்க்கப்பல் வரும்?" அவ்ளோதான், ஊரே ரெண்டாப் போச்சு, விடிய விடிய பேச்சு. ஃபைல்ல பதில் இருந்திருந்தா யாரு பேசியிருப்பா?

புதுப் பாம்பன் பாலம் ஏப்ரல்ல திறந்தாங்கல்ல, அந்த வாரமே ஒரு தம்பி நம்ம பாய்க்கப்பல் காலத்து ஊருக்கும் அதே மாதிரி நடுவுல தூக்குற பாலம் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னான். முடியாதுன்னா கோச்சுக்குவான், சரின்னா ஊர் கெட்டுரும். ஓலையில படம் வரைஞ்சு உன் கேரக்டரையே சபைக்குக் கொண்டு வரச் சொல்லுடான்னோம். சபையில சிரிச்சு விரட்டினாங்க. இப்ப அவன்தான் ஊர்ல பாலக் கிறுக்கன், பய செம ஜாலியா ஆடுறான், சந்தாவும் ஒழுங்கா கட்டுறான்.

1964 தனுஷ்கோடி புயலை கதைக்குள்ள கொண்டு வரலாம்னும் ஒரு பேச்சு வந்துச்சு. வேணாம்னு முடிவு பண்ணியாச்சு. அந்த டிசம்பர் ராத்திரிய பாத்தவங்க நம்ம வீடுகள்லயே இன்னும் இருக்காங்க.

இப்ப வராதவங்க விசயம். மருத்துவச்சியா ஆடுறவங்களை ஆடியில இருந்து காணோம். விசத்தை முறிக்கிற வேர் எங்க இருக்குன்னு அந்த கேரக்டருக்கு மட்டும்தான் தெரியும். விசம் ஏறின வரிக்காரர் இன்னும் பாயிலதான் படுத்துக் கெடக்கார், அவரா ஆடுற அண்ணன் வாரா வாரம் வந்து ரெண்டு தடவை முனகிட்டுப் போறார். துபாய் ஷிப்டு, பரீட்சை, கல்யாணம் எல்லாம் புரியுது, ஆனா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா ரகசியத்தை இன்னொரு கேரக்டர் காதுல போட்டுருப்போம்ல. இனிமே எந்த ரகசியமும் ரெண்டு கேரக்டருக்காவது தெரிஞ்சிருக்கணும், இது தீர்மானம்.

வரவு செலவு கிட்டத்தட்ட சரியா இருக்கு, கொஞ்சம் இடிக்குது, பொருளாளர் அண்ணன் நேர்ல சொல்வார். சர்வர் வாடகையில பாதிக்கு மேல நாலஞ்சு பேர் கைக்காசுதான், பேர் போட வேணாம்னுட்டாங்க. இடம் குடுத்தவங்க, டீ வாங்கிக் குடுத்தவங்க எல்லாருக்கும் நன்றி.

வர்ற தையில சர்வர் புதுப்பிக்கணும். சந்தா கட்டாதவங்க கேரக்டரை எல்லாம் கப்பலேறி தூரதேசம் போயிட்டதா ஏட்டுல எழுதிரலாம்னு சில பேர் சொல்றாங்க, நான் சொல்லல. செயலாளர் பதவிய யாராச்சும் ஏத்துக்கிட்டா தாராளமா குடுத்துடுறேன். ஏடு மட்டும் என்கிட்டயே இருக்கட்டும்.