கழிவு உப்புநீர் எங்கே போகும்? அதை முதலில் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளைப் பெரிதாக்க வேண்டும் என்று பேச்சு வந்தால், நான் வேண்டும் என்று சொல்கிற ஆள். கடலாடி, முதுகுளத்தூர் பக்கம் கோடையில் ஊற்றுக்குழிக்குள் இறங்கி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடத்தை நிரப்புகிற பெண்களைப் பார்த்தவர் யாரும் ஆலை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். 2009இல் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும், குழாயின் கடைக்கோடியில் இருக்கிற ஊர்களில் தள்ளுவண்டியும் குடமும் ஓயவில்லை.

இந்தக் கரைக்கு ஆலை புதிதும் அல்ல. நரிப்பையூரில் நாளுக்கு 38 லட்சம் லிட்டர் ஆலை 1990களின் இறுதியிலேயே வந்துவிட்டது. அப்புறம் பேசப்பட்ட குதிரைமொழித் திட்டமோ நாளுக்கு 6 கோடி லிட்டர். என் கவலை இந்த அளவில்தான் தொடங்குகிறது. நூறு லிட்டர் கடல்நீரை எடுத்தால் நல்ல தண்ணீராக வருவது 40, 45 லிட்டர். மிச்சம், ஒன்றரை மடங்குக்கு மேல் உப்பேறிய நீராகக் கடலுக்கே திரும்புகிறது. அப்படியென்றால் 6 கோடி லிட்டர் குடிநீருக்குச் சுமார் 8 கோடி லிட்டர் கழிவு உப்புநீர், தினமும். கனமான நீர் என்பதால் அது மேலே மிதந்து கலைந்துவிடாது, அடியில் போய்ப் படியும்.

சென்னைக்குத் தெற்கே நெம்மேலி ஆலை நன்றாக ஓடுகிறதே என்பார்கள். சரி, அங்கே இருப்பது திறந்த கடல். இங்கே கரைக்கு எதிரிலேயே தீவுகள், பார் என்கிற பவளப்பாறை, தாழை என்கிற கடற்புல். 21 தீவுகளைச் சுற்றிய இந்த மன்னார் வளைகுடாக் கடல் 1986இல் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வதும் இறால் குஞ்சு வளர்வதும் அந்த அடித்தரைத் தாழையில்தான். ஆழம் குறைந்த இடத்தில் உப்புநீரைக் கொட்டினால் முதல் அடி அதற்கு விழும்.

இவ்வளவு இருந்தும், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், முன் அனுமதி வாங்க வேண்டிய திட்டங்களின் பட்டியலில் கடல்நீர்க் குடிநீர் ஆலை தனியாக இடம்பெறவில்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி கிடைத்தால் போதும். மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. சட்டம் கேட்கவில்லை என்றாலும் அரசு தானே முன்வந்து கூட்டம் நடத்தலாமே, யார் தடுக்கப் போகிறார்கள்?

உப்புநீர் கடலில் எங்கே போகும் என்ற ஆய்வையும் ஒரே பருவத்தில் மூன்று மாதம் அளந்து முடித்துவிடக் கூடாது. வாடைக் காற்றுக் காலத்தில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், ஒரு பக்கம் இழுக்கும், கச்சான் என்கிற மேல்காற்றுக் காலத்தில் மறுபக்கம் இழுக்கும். வாடையில் மட்டும் அளந்தவர்களுக்குக் கச்சானில் உப்புநீர் எந்தத் தீவுப் பக்கம் போய் ஒதுங்கும் என்று எப்படித் தெரியும்? கரையில் நிற்கிற எந்த மீனவரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார். அவரிடம் யாராவது கேட்க வேண்டும்.

ஆகவே ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே, கழிவுக் குழாய் கடலுக்குள் எவ்வளவு தூரம் போகிறது, எங்கே முடிகிறது என்று காட்டும் வரைபடத்தோடு ஆய்வறிக்கை முழுவதையும் தமிழில் அச்சிட்டு, ஏர்வாடி முதல் நரிப்பையூர் வரை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் வையுங்கள். மீனவர்களையும் பாசி எடுக்கிற பெண்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அதுவும் தொழிலுக்குப் போகாத நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாயல்குடி, இராமநாதபுரம் மாவட்டம்.