செயலாளரின் ஆண்டறிக்கை – விக்கிரம ஆண்டு 2081 (கி.பி. 2024–25)

தலைவருக்கும், கிழக்கே ராமேசாப், ஒகல்துங்கா மாவட்டங்களில் இருந்து வந்து காத்மாண்டில் குடியிருக்கும், நேபாளப் பழங்குடியான நம் சுனுவார் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1942-இல் கிருஷ்ண பகதூர் ஜெண்டிச்சா உருவாக்கிய நம் ஜெண்டிச்சா எழுத்து 2024 செப்டம்பரில், கணினியிலும் போனிலும் எழுத்துகளைக் காட்டுவதற்கான பொதுத் தரமான யூனிகோடின் 16-ஆம் பதிப்பில் சேர்ந்துவிட்டது: 33 எழுத்து, 10 எண், ஒரு மங்கலக்குறி. சங்க அறையில் தேநீரும் இனிப்பும் கொடுத்தோம். அன்றே ஒருவர் தன் போனில் திறந்து பார்த்தார், வெறும் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துரு வந்து சேர நாளாகும் என்று சமாதானம் சொன்னேன்.

என்னை உறுத்துவது வேறு கணக்கு. 2011 கணக்கெடுப்பில் சுனுவார் மக்கள் 55,712, தாய்மொழி சுனுவார் என்றவர்கள் 37,898. 2021-இல் மக்கள் 78,910 ஆகிவிட்டார்கள், மொழியைச் சொன்னவர்களோ 32,708-தான். இனத்தின் பெயரை எழுதக் கை தயங்குவதில்லை, மொழிக்கு வரும்போதுதான் நேபாளி என்று எழுதிவிடுகிறது.

சனிக்கிழமை வகுப்பிலும் இதே கதைதான். தேவி, தஸ்லா, ஏகோ என்று எழுத்துகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகள் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். பேச்சுதான் வரவில்லை. நம் வினைச்சொல்லில் ஒருவருக்கு ஒரு முடிவு, இருவருக்கு வேறு, பலருக்கு இன்னொன்று. நேபாளியில் இருவருக்கென்று தனி முடிவு இல்லாததால் அங்கேயே தடுக்குகிறது. பெற்றோரும் வாசலில் நின்று நேபாளியில்தான் கூப்பிடுகிறார்கள். குறை சொல்லவில்லை, என் வீட்டிலும் அப்படித்தான். அப்புறம் கரும்பலகையை ஓரம் கட்டிவிட்டு, பாட்டிமாரை வரவழைத்துப் பிள்ளைகளோடு சமைக்கவிட்டோம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் கொஞ்சமாவது வாய் திறந்தார்கள்.

பாடப்புத்தகம் தேவநாகரியிலா ஜெண்டிச்சாவிலா என்ற விவாதம் இரண்டு கூட்டங்களை விழுங்கியது. முடிவு: இரண்டிலும். அச்சுச் செலவு இரட்டிப்பு என்பதை யாரும் பேசவில்லை.

2015 அரசியலமைப்பு எல்லாத் தாய்மொழிகளையும் தேசமொழி என்கிறது, சரி. ஆனால் 2021-இல் மொழி ஆணையம் பாக்மதி மாகாணத்துக்குத் தமாங்கையும் நேவாரியையும், கோசி மாகாணத்துக்கு மைதிலியையும் லிம்புவையும் அலுவல் மொழியாகப் பரிந்துரைத்தது. நம் ராமேசாப் முதலாவதில், ஒகல்துங்கா இரண்டாவதில். இரண்டு பட்டியலிலும் நாம் இல்லை. மனு எழுதிவைத்திருக்கிறோம், கையெழுத்துப் போடாதவர்கள் இன்று போட்டுவிட்டுப் போகவும்.

ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாட்டிமாரின் பேச்சை என் போனில்தான் பதிந்து வைத்திருந்தேன். போன் பழுதானதில் பாதி போய்விட்டது. மீதியைப் பிரதியெடுத்துத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். போன பாதியை மறுபடி பதியலாம் என்றால், அவர்களில் ஒருவர் மாக மாதத்தில் காலமாகிவிட்டார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்