ஓப்பன் ஹவுஸ் நடத்தும் தமிழ் முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் வீடு விற்பனை முகவர்களாகப் பணியாற்றும் தமிழ் அன்பர்களுக்கு,

வணக்கம்.

சனி, ஞாயிறு பிற்பகலில் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ ஒரு குடியிருப்புத் தெருவுக்குள் திரும்பினால், விற்பனைக்குள்ள வீட்டை எவரும் வந்து பார்க்கலாம் என்று அழைத்து மூலையில் ஊன்றியிருக்கும் ஓப்பன் ஹவுஸ் பலகையில் உங்களில் ஒருவருடைய முகத்தைக் காணாமல் போவது அரிது. அகதிகளாக வந்து, பேஸ்மென்ட்களில் வாடகைக்கு இருந்து, இரண்டு வேலை பார்த்து முற்பணம் சேர்த்த ஒரு தலைமுறைக்கு முதல் வீட்டின் கதவைத் திறந்து காட்டியவர்கள் உங்கள் துறையினர்தாம். ஆங்கிலத்தில் வந்த வங்கிக் கடிதத்தை வாசித்து விளக்குவதிலிருந்து வழக்கறிஞர் அலுவலகத்தில் கூட இருப்பது வரை நீங்கள் செய்த உதவிகளை எங்கள் வீடுகளில் இன்றும் நன்றியோடு பேசிக்கொள்வார்கள். அந்த நன்றி எனக்கும் உண்டு. அதனால்தான், ஒருவருடைய வீட்டை ஊராருக்குத் திறந்துவைக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் நீங்கள் நடந்துகொள்ளும் முறை பற்றி உங்களிடம் நேரடியாகவே எழுதுகிறேன். நான் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தவள். பின்னர் சொந்த வீட்டை விற்றவள். இப்போது உறவினர்களுக்குத் துணையாக வீடு பார்க்கப் போகிறவள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு வேண்டுகோள். அந்த வீட்டில் நீங்கள் யாருக்காக நிற்கிறீர்கள் என்பதை, வருபவர் சப்பாத்தைக் கழற்றும்போதே, தமிழில், அவருக்கு விளங்கும்படி சொல்லிவிடுங்கள்.

அண்மையில் என் சித்தியோடு ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன். "வாங்கோ அம்மா, வாங்கோ" என்று வரவேற்ற இளைஞரின் கனிவில் சித்தி மனம் நெகிழ்ந்து, சமையலறை மேசையருகே நின்றபடியே, வங்கி எவ்வளவு கடன் தர ஒப்புக்கொண்டிருக்கிறது, மகனின் கல்யாணத்துக்கு முன்னர் எப்படியும் குடிபுகுந்துவிட வேண்டும் என்பதையெல்லாம் சொல்லி, "கடைசியா ஒன்பது லட்சத்து நாற்பது மட்டும் போகலாம் தம்பி" என்றும் முடித்தார். அந்தத் தம்பி பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சித்தியைத் தடுக்கவுமில்லை, தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். விற்பவரின் முகவருக்கு விற்பவருடைய நலனே கடமை. வாங்க வந்தவர் வாய்விட்டுச் சொன்ன உச்சவரம்பை விற்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அந்தக் கடமைக்குள் அடங்கும். சித்திக்கு இது தெரியாது. தன் மொழி பேசுகிறவர், தன்னை அம்மா என்று அழைக்கிறவர், தன் பக்கத்து ஆள் என்றே அவர் நினைத்தார். இந்த நகரத்தில் வீடு தேடும் நம்மவர்களில் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஒன்ராறியோவின் ரியல் எஸ்டேட் சேவைகளில் நம்பிக்கைச் சட்டம் 2023 டிசம்பர் 1 முதல் இந்த உறவைத் தெளிவாக வகுத்திருக்கிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். முன்பு இருந்த, கட்சிக்காரரும் (நீங்கள் யாருக்காகப் பணியாற்றுகிறீர்களோ அவரும்) அல்லாத வேற்றாளும் அல்லாத 'வாடிக்கையாளர்' என்ற இடைநிலை இப்போது இல்லை. ஒருவர் உங்கள் கட்சிக்காரர், அல்லது முகவர் இல்லாமல் தன்னைத் தானே பிரதிநிதிப்படுத்துபவர். இரண்டில் எதுவாக இருந்தாலும், அவருக்குச் சேவையோ உதவியோ அளிக்குமுன் முகவர்களை ஒழுங்குபடுத்தும் ஒன்ராறியோ ரியல் எஸ்டேட் கவுன்சிலின் தகவல் கையேட்டைக் கொடுத்து விளக்க வேண்டும். வீட்டைச் சுற்றிக் காட்டுவதும், அறையின் நீள அகலம் சொல்வதும் விற்பவருக்கு நீங்கள் செய்யும் வேலை. ஆனால் "எவ்வளவு போட்டால் கிடைக்கும்?" என்று கேள்வி வந்துவிட்டால் நிலைமை வேறாகிறது. அந்த இடத்தில், "நான் விற்பவருடைய முகவர், அம்மா. உங்களுடைய பணக் கணக்கையும் அவசரத்தையும் எனக்குச் சொல்லாதேங்கோ, உங்களுக்கென்று ஒரு முகவரையோ வழக்கறிஞரையோ வைத்து அவரோடு கதையுங்கோ" என்று சொல்ல அரை நிமிடம் போதும். சொன்னால் ஒரு வாய்ப்புக் கை நழுவலாம் என்பது உண்மைதான். ஆனால், தன் பலவீனத்தை உங்களிடம் ஒப்படைக்கவிருந்த ஒரு மூதாட்டியைக் காத்த முகவரை அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்கு மறக்காது. நம்மவர்களிடையே தொழில் வளர்வது வாய்வழிப் பேச்சில்தானே.

"இரண்டு பக்கத்தையும் நானே பார்த்துத் தாறன், கமிஷனிலும் பார்த்துச் செய்யலாம்" என்ற பேச்சும் ஓப்பன் ஹவுஸ் சமையலறைகளில்தான் தொடங்குகிறது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருவரே முகவராக நிற்பதற்கு இரு தரப்பினரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்பதையும், அதன்பின் எந்த விலை கேட்கலாம், எந்த விலை கொடுக்கலாம் என்று இருவரில் எவருக்கும் ஒருபக்கமாக ஆலோசனை சொல்ல உங்களால் இயலாது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தை மட்டும் சொல்லி, இழக்கப்போகும் ஆலோசனையைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

வாசலில் வைக்கும் பதிவுத்தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். யார் வந்தார், யார் போனார் என்று விற்பவர் அறிய விரும்புவது நியாயம். பாதுகாப்புக்கும் அது தேவை. ஆனால் அந்தப் பெயரும் கைத்தொலைபேசி இலக்கமும் எதற்காக வாங்கப்படுகின்றன என்று கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்பது கனடாவின் தனியுரிமைச் சட்டத்தின் அடிப்படை. 2014 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள ஸ்பாம் எதிர்ப்புச் சட்டமும், ஒப்புதல் இல்லாமல் வணிக நோக்கில் மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பக் கூடாது என்கிறது. ஒரு வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவருக்குத் தைப்பொங்கல் வாழ்த்து முதல் வட்டி விகித அறிவிப்பு வரை ஆண்டுக்கணக்கில் செய்தி வந்துகொண்டிருப்பது நம்மிடையே எல்லாருக்கும் பழகிப்போன தொல்லை. இதைவிடக் கவலைக்குரியது மற்றொன்று. வரவுப் பதிவு என்று எண்ணிக் கையொப்பம் வைத்துவிட்டு, அது அந்த முகவரையே தன் முகவராக ஏற்கும் வாங்குபவர் பிரதிநிதித்துவ ஒப்பந்தம் என்றும், அதில் கால எல்லையும் கமிஷன் பொறுப்பும் உண்டு என்றும் பின்னர் அறிந்து திகைத்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். நின்ற நிலையில், பிள்ளை கையை இழுக்கும் நேரத்தில், டாப்லெட் திரையில் விரலால் இடும் கையொப்பத்தை அத்தகைய ஒப்பந்தத்துக்கு ஒருபோதும் வாங்காதீர்கள். வீட்டுக்கு அனுப்பி, வாசிக்க நேரம் கொடுங்கள்.

இனி, இந்த மடலை எழுத என்னை அதிகம் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். நம் பகுதிகளில் விற்பனைக்கு வரும் எத்தனையோ வீடுகளின் பேஸ்மென்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மேல்மாடிக்குப் பூங்கொத்தும் வாசனை மெழுகுவர்த்தியும் வைத்து அலங்கரிக்கும் நீங்கள், கீழே இருப்பவர்களுக்கு எத்தகைய மரியாதை கொடுக்கிறீர்கள்?

வதிவிட வாடகைச் சட்டம் 2006 இது பற்றித் தெளிவாகப் பேசுகிறது. வாங்கக்கூடிய ஒருவருக்கு வாடகைப் பகுதியைக் காட்டுவதற்கு, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னர், காரணமும் நாளும் நேரமும் குறித்த எழுத்துமூல அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த நேரம் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் இல்லாமல் முகவர் உள்ளே செல்வதானால், அதற்கு வீட்டுக்காரரின் எழுத்துமூல அதிகாரம் வேண்டும். "பின்னேரம் ஆக்கள் வருவினம், கொஞ்சம் துப்புரவாக்கி வையுங்கோ" என்று காலையில் படிக்கட்டில் நின்று சொல்வது அறிவித்தல் ஆகாது.

நான் அப்படி ஒரு பேஸ்மென்டில் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்க, கட்டிலில் கைக்குழந்தை உறங்க, முன்பின் தெரியாதவர்கள் வரிசையாகப் படியிறங்கி வந்தார்கள். ஒருவர் உடுப்பு அலுமாரியைத் திறந்தார். இன்னொருவர் எங்கள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். நான் அங்கேயே நிற்க, ஒரு பெண்மணி முகவரிடம், "இவை எப்ப எழும்புவினம்?" என்று கேட்டார். முகவரோ என் முகத்தைப் பாராமலே, "அது பிரச்சினையில்லை அக்கா, இரண்டு மாசத்தில எழுப்பலாம்" என்றார். நாங்கள் வெளியேற வேண்டும் என்று எங்களிடம் அதுவரை எவரும் சொல்லியிருக்கவில்லை.

அந்தப் பதில் மரியாதையற்றது மட்டுமன்று, வாங்க வந்தவரையும் தவறாக வழிநடத்துவது. வீடு கைமாறுவதால் வாடகை உரிமை முடிந்துவிடாது. புதிய உரிமையாளரின் கீழ் அது தொடர்கிறது. மூன்று அல்லது அதற்குக் குறைந்த குடியிருப்புகள் கொண்ட வீட்டை வாங்குபவர் தானோ தன் நெருங்கிய குடும்பத்தினரோ அங்கே குடியிருக்க மெய்யாகவே விரும்பினால், விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தான பின்னரே, அவர் சார்பில் விற்பவர் 60 நாள் அறிவித்தல் கொடுக்கலாம். ஒரு மாத வாடகைக்கு ஈடான இழப்பீடோ ஏற்கத்தக்க வேறொரு குடியிருப்போ கொடுக்க வேண்டும். குத்தகைக் காலம் முடியாதிருந்தால் அதற்குமுன் வெளியேற்ற முடியாது. குடியிருப்பவர் ஏற்காவிட்டால் தீர்மானிப்பது வாடகைச் சபை, முகவர் அல்லர். வருபவர் அவர்கள் முன்னிலையில் அந்தக் கேள்வியைக் கேட்டால், "அதை வெளியில் போய்க் கதைப்பம்" என்று சொல்லுங்கள். உள்ளே போகுமுன் கதவைத் தட்டுங்கள். ஒரே நேரத்தில் ஒரு குடும்பத்தை மட்டும் கீழே அழைத்துச் செல்லுங்கள், நீங்களும் கூடவே போங்கள். அவர்களுடைய உடைமைகளைத் தொடவோ படம் பிடிக்கவோ விடாதீர்கள். இயலுமானால் பேஸ்மென்டை ஓப்பன் ஹவுஸில் சேர்க்காமல், உண்மையான ஆர்வமுள்ளவர்களுக்கு மட்டும் நேரம் குறித்துக் காட்டுங்கள்.

மேல்வீட்டுக்கும் இதே கவனம் வேண்டும். நம் வீடுகளில் சாமி அறை இருக்கும். இறந்துபோன உறவினரின் படம், மாலையோடும் விளக்கோடும் இருக்கும். அதை அகற்றினால் நல்ல விலை போகும் என்று ஒரு மூதாட்டியிடம் சொல்லும் முன்னர் ஒரு தரத்துக்கு இரு தரம் யோசியுங்கள். அகற்றத்தான் வேண்டுமென்றால் குடும்பத்தினரே தங்கள் கையால் எடுத்து வைக்க நாள் கொடுங்கள். மருந்துப் போத்தல்கள், நகை, கடவுச்சீட்டு, பிள்ளையின் பெயரும் பாடசாலையும் எழுதிய சான்றிதழ் ஆகியவை முதல் நாளே உள்ளே போகட்டும். வீட்டில் கமரா ஓடிக்கொண்டிருந்தால் வாசலில் எழுதி ஒட்டுங்கள். கணவனும் மனைவியும் ஒரு அறையில் ஒதுங்கி விலை பற்றி மெல்லப் பேசிக்கொள்வதை, அவர்கள் அறியாமல் ஒலிப்பதிவு செய்வது குற்றவியல் சட்டத்துக்கே எதிரானது. விற்பவர் வேறிடத்தில் இருந்துகொண்டு, தொலைபேசியில் இந்தப் பேச்சைக் கேட்பதை நீங்கள் கண்டும் காணாமல் விடக்கூடாது.

வீட்டைப் பற்றிச் சொல்லும் விபரங்களில் மிகைப்படுத்தல் வேண்டாம். ஸ்காபரோவின் பழைய பங்களாக்களில் பல 1950கள் முதல் 1970கள் வரை கட்டப்பட்டவை. 1960களின் நடுப்பகுதிக்குப் பின் கட்டியவற்றில் அலுமினிய மின்கம்பி இருக்க வாய்ப்புண்டு, காப்புறுதி நிறுவனம் அதைப் பற்றிக் கட்டாயம் கேட்கும். தண்ணீர் சூடாக்கியும் ஃபர்னஸும் சொந்தமா, வாடகையா, மாதம் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள். லிஸ்டிங் எனும் விற்பனை விபரப் பதிவில் "பேஸ்மென்ட் சட்டத்துக்கு ஏற்புடையது என்று விற்பவர் உத்தரவாதம் தரவில்லை" என்று சிறிய எழுத்தில் போட்டுவிட்டு, வாயால் "மாதம் இரண்டாயிரம் வாடகை வரும், மோர்ட்கேஜ் தானாகக் கட்டுப்படும்" என்று சொல்வது இரண்டு நாக்குப் பேச்சு. நகர எல்லைக்குள் வாங்குபவர் மாகாண வரியோடு ரொறன்ரோவின் காணி மாற்று வரியையும் கட்ட வேண்டும், ஸ்ரீல்ஸ் அவெனியூவுக்கு வடக்கே மார்க்கத்தில் அந்த இரண்டாவது வரி இல்லை என்பது முதல் வீடு வாங்குபவருக்குப் பெரிய செய்தி, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

"இப்பவே மூன்று ஓஃபர் வந்திட்டுது" என்ற சொல்லையும் கவனமாகப் பயன்படுத்துங்கள். 2015 ஜூலை முதல் ஒன்ராறியோவில் ஓஃபர், அதாவது வாங்க விரும்புபவர் முன்வைக்கும் விலை, எழுத்திலேயே இருக்க வேண்டும், ஏற்கப்படாத ஓஃபர்களின் பதிவையும் தரகு நிறுவனம் வைத்திருக்க வேண்டும். கையில் தாள் இல்லாமல் எண்ணிக்கை சொல்லாதீர்கள். பழைய வீட்டுக்குக் கையெழுத்திட்டபின் மனம் மாறிப் பின்வாங்க இங்கே சட்டத்தில் அவகாசம் கிடையாது. கட்டுமான நிறுவனத்திடமிருந்து வாங்கும் புதிய கொண்டோவுக்கு (அடுக்குமாடி வீட்டுக்கு) 10 நாள் உண்டு. அது தெரியாதவரை அவசரப்படுத்துவது அவருடைய வாழ்நாள் சேமிப்போடு விளையாடுவதாகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். "ஊரில எவடம்?" என்று வாசலில் கேட்கும் கேள்வி எல்லோர் வாயிலும் அன்பாக வருவதில்லை. கிராமத்தைக் கேட்டு, கோயிலைக் கேட்டு, சாதியை ஊகித்து, அதை விற்பவரின் காதில் போடுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். "ஆர் ஆக்கள் என்று பார்த்துக் குடுங்கோ" என்று முகவரிடம் கேட்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். சாதி அடிப்படையிலான பாகுபாடும் மனித உரிமைச் சட்டக்கோவையின் கீழ் வரும் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2023 ஒக்டோபரில் எழுத்தில் வெளியிட்டிருக்கிறது. அத்தகைய அறிவுறுத்தலை விற்பவர் தந்தால், ஏற்க முடியாது என்று அவரிடமே சொல்லுங்கள். பக்கத்து வீட்டார் யார், தெருவில் எத்தனை தமிழர், எத்தனை கறுப்பினத்தவர் என்று வருபவர் கேட்டாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லீர்.

உங்கள் தரகு நிறுவனங்களின் கூட்டங்களில் இந்த மடலை ஒருமுறை வாசித்துப் பேசுவீர்களானால் மகிழ்வேன். உடனடியாக நான் கேட்பவை இரண்டு. அடுத்த ஓப்பன் ஹவுஸிலிருந்து, வரவேற்பறை மேசையில் உங்கள் விசிட்டிங் கார்டுக்கு அருகே, "இந்த வீட்டில் நான் விற்பவரின் பிரதிநிதி, உங்கள் பண விபரங்களை என்னிடம் சொல்ல வேண்டாம்" என்று பெரிய தமிழ் எழுத்தில் ஒரு அட்டையை நிறுத்தி வையுங்கள். பேஸ்மென்டில் ஆட்கள் இருந்தால், முதல் நாளே எழுத்தில் அறிவித்து, அவர்கள் பெற்றுக்கொண்டார்களா என்று நீங்களே தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்