ஒரு நாளைக்கு ஓரிடம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புத் தோழிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து ஐந்து நாள் நிற்கப்போவதாக நீ எழுதியதை வாசித்ததில் பெரிய சந்தோஷம். கூடவே அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். முதல் நாளே மிருகக்காட்சிச்சாலை, நூதனசாலை, தாமரைக் கோபுரம், காலிமுகத்திடல் என்று நாலு இடம் போட்டிருக்கிறாய். அதில் மூன்றை இப்போதே வெட்டிவிடு. ஏழு வயதுக்காரியும் மூன்று வயதுக்காரனும் கொழும்பில் ஒரு நாளைக்கு ஓரிடம்தான் தாங்குவார்கள். தூரம் காரணமில்லை, இங்கிருந்து கோட்டைக்கே எட்டுக் கிலோமீற்றர்தான். புழுக்கம்தான் ஆளை விழுத்துவது. யாழ்ப்பாணத்து வெயிலில் வியர்வை காய்ந்துவிடும், இங்கே காயாது. சின்ன உடம்பு கெதியில் சூடாகிவிடும், பிறகு அழுகையும் சிணுங்கலும்தான். ஆகவே காலையில் வெளிக்கிட்டு, பதினொன்றரை பன்னிரண்டுக்குள் வீடு வந்து சேருங்கள். சாப்பாடு, நித்திரை. நாலரைக்குப் பிறகு மனமிருந்தால் கடற்கரை.

பிள்ளை வண்டியைக் கொண்டுவராதே. காலி வீதி நடைபாதையில் சீமெந்துப் பலகைகள் எழும்பியும் தாழ்ந்தும் கிடக்கும், ஓரக்கட்டு உயரம், இடையில் மோட்டார் சைக்கிளும் நிற்கும். வண்டியைத் தள்ளுவதைவிடத் தூக்குவதுதான் அதிகமாகும். சின்னவனை முதுகில் கட்டும் பை இருந்தால் அதைக் கொண்டுவா. வீதி கடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடிக்காதே, மணிக்கட்டைப் பிடி; வியர்த்த விரல் வழுக்கும். கடவையில் ஒரு வாகனம் நின்றுவிட்டதென்று இறங்கவும் வேண்டாம். நின்றதை முந்திக்கொண்டு அடுத்த வாகன வரிசையில் பஸ் வரும். ஒவ்வொரு வரிசையும் நின்றதைப் பார்த்துப் பார்த்துத்தான் கடக்க வேண்டும்.

பட்டியலில் நீ போடாத ஒன்றை முதலாவதாகச் சேர்: கரையோர ரயில். வேறெங்கும் போகாவிட்டாலும் இதற்குப் போ. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு நடுவில் நாலு நிறுத்தம்: பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, செயலகம். மூத்தவள் விரல் மடித்து எண்ணிக்கொண்டு வரலாம். போகும்போது இடப்பக்கம் உட்கார், கடல் அந்தப் பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். கொள்ளுப்பிட்டி வரை அலை கிட்டத்தட்டத் தண்டவாளத்தைத் தொடும். அதன்பிறகு பாதை உள்ளே திரும்பி பேரை வாவிப் பக்கம் போய்விடும், ஆகவே கடலைக் காட்டுவதென்றால் ஏறிய உடனே காட்டு. வேலை நாளில் காலை ஏழு முதல் ஒன்பது வரையும் மாலை நாலு முதல் ஆறரை வரையும் பிள்ளைகளோடு ஏறவே வேண்டாம், நிற்கவும் இடமிராது. ஞாயிற்றுக்கிழமை நல்லது, ஆனால் அன்றைக்கு ரயில் குறைவு. முதல்நாளே ஸ்டேஷனில் நேரத்தைக் கேட்டு வை. கடுகதி ரயில் எல்லா இடமும் நிற்காது என்பதையும் சேர்த்துக் கேள்.

ரயிலில் பிழை நேரும் இடங்கள் மூன்று. கதவுகள் திறந்தபடியே ஓடும், ஆகவே வாசலுக்கு எட்டத்தில், பெட்டியின் நடுவில் இரு. சின்ன நிறுத்தங்களில் ரயில் அதிக நேரம் நிற்காது. பெரியவர் ஒருவர் முதலில் இறங்கிப் பிள்ளையை வாங்க வேண்டும், மற்றவர் மேலிருந்து கொடுக்க வேண்டும். நீ தனியாக வந்தால் சின்னவனைக் கட்டிக்கொண்டு, மூத்தவளை உனக்கு முன்னால் நிறுத்தி, அவளோடு சேர்ந்தே இறங்கு. மூன்றாவது டிக்கெட். வெளியேறும் வாசலில் அதைத் திருப்பி வாங்குவார்கள். ஆசைப்படுகிறான் என்று பிள்ளையின் கையில் கொடுத்தால் யன்னலால் பறந்துவிடும், பிறகு தண்டப்பணம். உன் கைப்பையிலேயே இருக்கட்டும்.

இதோடு ஒட்டிய எச்சரிக்கை ஒன்று. எங்கள் பக்கத்துக் கடற்கரைக்குப் போக எல்லோரும் தண்டவாளத்தைக் கடந்துதான் போகிறார்கள். இரட்டைப் பாதை என்பதுதான் ஆபத்து. ஒரு ரயில் போய் முடிந்ததும் கால் தானாக எழும்பும். அந்த ரயிலுக்குப் பின்னால் மறைந்து மற்றப் பாதையில் எதிர்த்திசை ரயில் வந்துகொண்டிருக்கலாம். அலைச் சத்தத்திலும் காற்றிலும் அது காதில் விழாது. முதல் ரயில் தூரப்போய், இரண்டு பக்கமும் வெறும் தண்டவாளம் கண்ணுக்குத் தெரிந்த பிறகே கடக்க வேண்டும். பிள்ளைகளை அந்தக் கடலில் இறக்கவும் வேண்டாம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளிப்பு. கல் போட்ட கரை, பாசி வழுக்கும்.

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு ஓட்டோவில் போ. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரமில்லை. ஹேகன்பெக் என்ற ஜெர்மன்காரர் தொடங்கி, 1936இல் அரசு எடுத்துக்கொண்ட தோட்டம் அது. காணி ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கும், அதுதான் சின்னக் கால்களைக் களைக்கவைக்கும். காலையில் திறக்கிற நேரத்துக்கே உள்ளே போய்விடு. வெயில் ஏறினால் மிருகங்கள் நிழலுக்குள் படுத்துவிடும், பிள்ளைகள் வெறும் கூட்டைத்தான் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைக்காதே. வாசலிலேயே ஆளுக்கு இரண்டு மிருகம் தெரியச் சொல்லு, அந்த நாலையும் நிதானமாகப் பாருங்கள். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளும் ஞாயிறும் சனம் பிதுங்கும், வேலை நாளில் போ.

ஓட்டோவுக்கு பிக்மீ செயலி இருந்தால் கட்டணம் முன்கூட்டியே தெரியும், பேரம் பேசத் தேவையில்லை. சாரதி பெரும்பாலும் அழைத்து இடம் கேட்பார், அனேகமாகச் சிங்களத்தில். பக்கத்துக் கடையின் பெயரைச் சொன்னால் கெதியில் வந்துவிடுவார். பிள்ளைகளை நடுவில் இருத்தி, கை வெளியே போகாமல் பார்த்துக்கொள். பஸ் உரசிக்கொண்டு போகிற வீதிகள் இவை.

நூதனசாலை 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம், முன் புல்வெளியில் பெரிய ஆலமரங்கள். இங்கே எல்லாக் கண்ணாடிப் பெட்டியையும் பார்த்தால் பத்தாவது நிமிடமே சின்னவன் தரையில் படுத்துவிடுவான். இரண்டு பொருளுக்காக மட்டும் போ. ஒன்று கண்டி அரசரின் சிம்மாசனம். கைப்பிடியில் சிங்கங்கள் இருக்கின்றன, அவற்றைத் தேடச் சொன்னால் காணும். ஒல்லாந்தர் 1693இல் கொடுத்தது, ஆங்கிலேயர் கொண்டுபோய் 1934இல் திருப்பித் தந்தது. மற்றது காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. இதை உன் மூத்தவளுக்குக் கட்டாயம் காட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல், 1409ஆம் ஆண்டு பொறித்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனார் என்ற விஷ்ணுவுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அது வடிகால் மூடியாகக் கிடந்தது. அவ்வளவு தூரம் வந்த கல் ஒரு கானுக்கு மூடியாக இருந்தது என்றால் ஏழு வயதுக்கு அதைவிட நல்ல கதை வேண்டுமா? அதில் தெரிந்த தமிழெழுத்து ஏதும் பிடிபடுகிறதா என்று தேடட்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் தன் மொழி இவ்வளவு பழைய கல்லில் இருப்பதைப் பார்ப்பது பெரிய விஷயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

களைத்தால் கிட்டவே விகாரமகாதேவிப் பூங்கா. ஓடி விளையாட இடமும் நிழலும் உண்டு. நுளம்பு பகலிலும் கடிக்கும், டெங்கு பரப்புவது அந்தப் பகல் நுளம்புதான். முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டு, நுளம்புத் தைலமும் பூசு.

தாமரைக் கோபுரத்துக்கு நான் பெரிதாக ஆசைப்படுத்த மாட்டேன். 350 மீற்றர், 2022இலிருந்து மேலே ஏறலாம். மின்தூக்கியில் காது அடைக்கும், ஒரு வாய் தண்ணீர் விழுங்கச் சொல்லு. வார இறுதி மாலையில் வரிசை நீளம். சின்னவனுக்கு மேலே நின்று பார்ப்பதைவிடக் கீழே பேரை வாவியின் கூழைக்கடாக்கள்தான் பிடிக்கும். வாய்க்கால் கரையில் கபரகொய்யா என்கிற பெரிய நீருடும்பும் திரியும். எட்ட நின்று பார்க்கட்டும், வாலால் அடிக்கும். பறவைகளில் உண்மையாகவே மனமிருந்தால் ஒரு காலையைப் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு ஒதுக்கு, ஆறரைக்கே போய்விட வேண்டும். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்று பெயர் பெற்ற ஊர் கொழும்பு, அந்தப் பெயருக்குக் காரணம் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

புறக்கோட்டைக்குச் சின்னவன் வேண்டாம். நாட்டாமிமார் இழுக்கும் கைவண்டியின் இரும்பு விளிம்பு அவனுடைய தலை உயரத்தில் வரும். மூத்தவளை மட்டும் ஞாயிறு காலை கூட்டிப்போய், இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை வெளியே நின்று காட்டு. 1909இல் கட்டி முடித்த அந்தச் சிவப்பு வெள்ளை வரிகள் பிள்ளைகளுக்கு மிட்டாயாகத் தெரியும்.

காலிமுகத்திடலுக்கு ஐந்து மணிக்குப் போ. ஓகஸ்ட் காற்று பட்டத்துக்கு அருமை. ஆனால் நைலோன் நூல் விரலை வெட்டும், கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பிடிக்கட்டும். இறால் வடை கேட்டால் உறைப்புச் சம்பல் இல்லாமல் வாங்கி, தலையையும் மீசையையும் பிய்த்துவிட்டுக் கொடு, தொண்டையில் குத்தும். வெட்டிவைத்த பழமும் ஐஸ் போட்ட பானமும் வேண்டாம். கண்முன்னால் வெட்டுகிற செவ்விளநீர் நல்லது. கழிப்பறை தேவைப்பட்டால் திடலுக்கு எதிரேயுள்ள பெரிய அங்காடிக்குள் போகலாம். திடலில் பொழுதுபட்டால் சனத்துக்குள் பிள்ளை தவறிவிடுவது சுலபம். காலையிலேயே உடுப்போடு ஒரு படம் எடுத்து வை, என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் நினைவு வராது. முன்னங்கையில் பேனையால் உன் தொலைபேசி இலக்கத்தை எழுது. பிரிந்தால் கொடிக்கம்பத்தடிக்கு வரவேண்டும் என்று மூத்தவளோடு பேசி வை.

கைப்பையில் ஆளுக்கு அரை லீற்றர் தண்ணீர், மாற்றுடுப்பு, வயிற்றோட்டம் வந்தால் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி உப்புத்தூள் இரண்டு பக்கெட். ஒரு பக்கெட்டை ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பக்கெட்டைக் குவளைத் தண்ணீரில் போட்டால் உப்பு கூடிவிடும். ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்காதே. அம்புலன்சுக்கு 1990, காசில்லை; பொலிசுக்கு 119. பொரளையில் சீமாட்டி றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கிறது.

இன்றிலிருந்தே ஒரு வேலை தொடங்கு. எங்கள் வீட்டு விலாசத்தை மூத்தவளுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் பாடமாக்கு. சிங்கள வரியைத் தமிழெழுத்தில் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எந்த ரயிலில் வருகிறாய் என்று மறுகடிதத்தில் எழுது, ஸ்டேஷனில் நிற்பேன்.

அன்புடன்,
உன் தோழி